1858-ல் எடுத்த மலைக்கோட்டை போட்டோ: மேகம் கூட கையால் வரைஞ்சதாம்!

திருச்சி,
எடமலைப்பட்டி புதூரில் இருந்து பஸ் ஏறி காவிரி பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் கண்ணில் படும். இந்த காட்சி நம்ம தாத்தா காலத்தில் கிடையாது. 13 நிலை, 236 அடி கோபுரம் முழுமை அடைந்தது 1987-ல்தான். அதுவரை பல நூறு வருடம் அடிப்பகுதி மட்டும் நின்றது. ஊர் ஜனம் வைத்த பெயர் 'மொட்டை கோபுரம்'. அதைப் பார்க்காதவர்களுக்கு இன்று சாட்சி பழைய போட்டோக்கள்தான்.

வெள்ளைக்கார கேப்டன்

திருச்சியின் பழைய போட்டோக்களில் முக்கியமானவை லின்னேயஸ் டிரைப் எடுத்தவை. கிழக்கிந்திய கம்பெனி படையில் கேப்டன். 1856-ல் சென்னை மாகாண அரசு இவரை போட்டோகிராபராக நியமித்தது. 1857 டிசம்பரில் கிளம்பியவர் சுமார் நாலரை மாதம் ஊர் ஊராக சுற்றினார். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எல்லாம் அவர் கேமராவில் பதிவாயின.

ஆளே இல்லாத தெரு ஏன்?

அப்போது பிலிம் ரோல் கிடையாது. மெழுகு ஏற்றிய பேப்பரில் மருந்து தடவி, அதைத்தான் நெகட்டிவாக பயன்படுத்தினார். ஒரு படம் பதிய வெகுநேரம் பிடிக்கும். அதுவரை அசையாமல் இருப்பது கல்லும் கட்டிடமும்தான். நடந்து போகிற ஆள் படத்தில் விழவே மாட்டார். அந்தக் காலத்து படங்களில் தெரு வெறிச்சோடி கிடப்பதற்கு காரணம் இதுதான். ஊரில் ஆள் இல்லாமல் இல்லை!

இன்னொரு சங்கதி. அந்த மருந்தில் வானம் சரியாக விழாது, வெறும் வெள்ளையாக வரும். அதனால் நெகட்டிவ் மீது வர்ணம் தீட்டி மேகத்தை அவரே உண்டாக்கினார். இன்றைக்கு கம்ப்யூட்டரில் செய்கிற 'டச்சப்' வேலையை அன்றைக்கே தூரிகையால் செய்திருக்கிறார்.

தஞ்சை பெரிய கோவில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து வரிசையாக ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி!

வேலை போச்சு

இவ்வளவு செய்தும் வேலை நிலைக்கவில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசு கஜானாவில் நெருக்கடி. 1859-ல் சென்னை கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இது வீண் ஆடம்பரம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். அதன்பின் டிரைப் பெரிதாக படம் எடுக்கவில்லை. 1902-ல் இறந்தார். அவர் எடுத்த படங்கள் இன்று லண்டன் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன.

உங்க வீட்டு ஆல்பம்?

டிரைப் படங்களின் அட்டையில் ஊர் பெயர், இடத்தின் பெயர் அச்சிட்ட சீட்டு இருக்கும். அதனால்தான் இன்றைக்கும் 'இது இந்த இடம்' என்று சொல்ல முடிகிறது.

நம்ம வீட்டு பரணில் கிடக்கும் போட்டோவில் அந்த சீட்டு இல்லை. அதில் நிற்பவர் யார், எந்த வருடம் என்று பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். பாட்டி போய்விட்டால் அது யாரோ ஒருத்தர் படம். அப்புறம் பழைய பேப்பர்காரர் கைக்குத்தான் போகும்.

இன்றைக்கு ராத்திரியே ஆல்பத்தை எடுத்து பெரியவங்களிடம் கேளுங்க. படத்துக்கு பின்னால் பெயர், ஊர், வருடத்தை பென்சிலால் அழுத்தாமல் எழுதி வையுங்க. பேனா மை மறுபக்கம் ஊறி முகத்தையே கெடுத்துவிடும்.