தங்கத் தகட்டில் ஒட்டும் துகள்கள்

ராயப்பன்பட்டியில் ஒருத்தருக்குப் புற்றுநோய் சந்தேகம் வந்துட்டா தேனி, மதுரைன்னு அலைச்சல்தான். சதை எடுத்துப் பார்க்கணும் என்பார்கள். அதற்குப் பதிலாகக் கொஞ்சம் ரத்தத்தில் ஒளியைப் பாய்ச்சியே கண்டுபிடிக்க முடியுமா?

நம் செல்கள் எக்ஸோசோம் என்ற நுண்பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். சிவப்பணுவோடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. அதனால் சாதாரண நுண்ணோக்கியில் இவை தெளிவாகத் தெரியாது. ஆனால் எந்தச் செல்லிலிருந்து வந்ததோ, அதன் புரதங்கள் சில பையின் மேலேயே இருக்கும்.

இங்கேதான் தங்கம் வருது. சுமார் 50 நானோமீட்டர் தடிமனுள்ள தங்கப் படலத்தின் மீது, பட்டகம் வழியாக ஒளியைச் சாய்வாக விட்டால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒன்றாக அசையும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி. ஒளியின் ஆற்றல் அதற்கே போய்விடுவதால் திரும்பி வரும் ஒளி மங்கும். தங்கத்தின் மேல் ஏதாவது ஒட்டினால் அந்தக் கோணம் நகரும். எனவே புற்றுநோய்ப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை முதலிலேயே தங்கத்தில் பூசி வைக்கிறார்கள். 2014இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு, நுண்துளைகள் போட்ட தங்கப் படலத்தை வைத்து, சினைப்பைப் புற்றுநோயாளிகளின் வயிற்று நீரில் இப்படி எக்ஸோசோம்களைக் கண்டறிந்தது. கவனிக்க: வயிற்று நீர், ரத்தம் இல்லை.

ரத்தம் ரொம்பச் சிக்கலான சாம்பார். ஆரோக்கியமான செல்களும் எக்ஸோசோம் விடும். அதே அளவில் கொழுப்புத் துகள்கள் வேறு. பிடித்தது எதுன்னு உறுதி செய்வதே பெரிய வேலை. செய்திகளில் இந்தப் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு ஒளிப் பரிசோதனை நம்மூர்ப் பக்கமே நடந்திருக்கிறது. கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிஷம் கழித்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. மாறிய திசு வெள்ளையாகத் தெரியும்: புரதம் உறைந்து ஒளியைச் சிதறடிப்பதால். திண்டுக்கல் மாவட்டத்தில் நர்சுகளை வைத்து நடத்திய ஆய்வு 2007இல் லான்செட்டில் வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. அதே காலத்தில் தமிழக அரசு தன் முன்னோடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்கள் தஞ்சாவூரும் தேனியும்.

தங்கத் தகடு துகளைப் பிடிக்கும் என்பது சரி. உயிரைக் காக்கும் என்பதற்கு திண்டுக்கல் மாதிரி ஒரு ஆய்வு தேவை. அதுவரை முப்பது தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டியது அந்த அமிலப் பரிசோதனையைத்தான்.