38 வயதில் அலைப்பலகை!

எனக்கு வயது 38. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறோம். 2025 மே மாதம், கோடை விடுமுறையில், கோவளம் கடற்கரையில் நடந்த ஐந்து நாள் அலைச்சறுக்கு முகாமில் சேர்ந்து பயிற்சி எடுத்தேன். "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டவர்கள் எங்கள் தெருவிலேயே அநேகம் பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே விடுகிறேன்.

அலைச்சறுக்கு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள், மோட்டார் படகு முன்னால் ஓட, பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்றபடியே போவார். அது வேறு. இதில் படகும் கிடையாது, கயிறும் கிடையாது. அலை வந்து தள்ளும். அந்த நேரம் பார்த்து நாம் பலகை மேல் எழுந்து நிற்க வேண்டும். கேட்க இவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர் சேருகிறார்கள், நானும் சேரணும் என்று ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாள். அதை இரண்டு நாள் ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்திருந்தேன்.

காரணம் இருக்கிறது. என் பிறந்த ஊர் கடலூர், தேவனாம்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அம்மா காலையில் மீன் வாங்கப் போயிருந்தாள். எனக்கு அப்போது 17 வயது. வீட்டில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்த அம்மாவின் கையில் கூடை இல்லை, காலில் செருப்பு இல்லை. அவளோடு நின்று விலை பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பி வரவே இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் அன்று போனார்கள். அந்த நாளுக்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கமே போனதில்லை. எங்களையும் விட்டதில்லை. கல்யாணமாகி கோவளத்துக்குப் பக்கத்திலேயே வாழ வந்தும், நான் கடலில் கணுக்கால் நனைத்ததோடு சரி. பிள்ளைகள் முழங்கால் வரை போனாலே என் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். "நீயே ஒரு நாள் போய்ப் பாரு. பார்த்துட்டு வந்து கையெழுத்துப் போடு, இல்ல கிழிச்சுப் போடு" என்றார். போனேன். கரையில் என்னைப் போல நாலைந்து அம்மாக்கள் துண்டும் டிபன் பாக்ஸும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போனாலும் நமக்கு உள்ள வேலை அதுதானே, பையைக் காவல் காப்பது! அப்போது தண்ணீரிலிருந்து ஒரு அம்மா பலகையோடு நடந்து வந்தார். நரைத்த முடி. கேட்டால் 56 வயது, பாங்க் வேலையிலிருந்து ஓய்வு வாங்கியவராம். மூச்சு வாங்கிக்கொண்டே, "பொண்ணைச் சேர்க்கிறீங்க சரி, நீங்க?" என்றார். பக்கத்தில் நின்ற பயிற்சி கொடுக்கும் தம்பி, "அம்மாக்களுக்கும் பேட்ச் இருக்குக்கா. நீச்சல் தெரிஞ்சா நல்லது, தெரியலைன்னாலும் இடுப்பளவு தண்ணியிலதான் நிக்க வைப்போம், நாங்க கூடவே இருப்போம்" என்றார். மகளை அனுப்பிவிட்டுக் கரையில் உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பதைவிட, கூடவே போய்ப் பயப்படலாம் என்று தோன்றியது. ஒரே தாளில் இரண்டு பேர் பெயரையும் எழுதினேன். பணம், நான் கட்டிவந்த சீட்டு முடிந்த பணம். அதை எதற்கு எடுத்தேன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மாமியார் என்ன சொல்வாரோ என்றுதான் தயங்கினேன். அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. "தாலிச் செயின் என்ன பண்ணப் போறே?" நியாயமான கேள்வி. அலையில் செயின் போனால் போனதுதான். பிறகு அவரே மஞ்சள் கயிறு வாங்கி வந்து, தாலியை அதில் கோத்துக் கட்டிவிட்டு, செயினை பீரோவில் வைத்துப் பூட்டினார். "கெட்டியா முடி போட்டிருக்கேன், பயப்படாம போ" என்றார். எங்கள் அத்தை அப்படி!

உடை விஷயத்துக்கு வருகிறேன். பலரும் போகத் தயங்குவது இதற்காகத்தான். நீச்சல் உடை போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உடம்போடு ஒட்டும் முழுக்கை பனியன் ஒன்றை அவர்களே கொடுக்கிறார்கள், வெயிலுக்கும் பலகை உராய்வுக்கும் அதுதான் காப்பு. கீழே நான் கணுக்கால் வரை லெக்கின்ஸ் போட்டுக்கொண்டேன். அதன் மேல் அரைக்கால் டிரவுசர் ஒன்று. பருத்திச் சுடிதார் உதவாது. நனைந்தால் கல்லாகக் கனக்கும், காலைச் சுற்றும். துப்பட்டா, ஊக்கு, கொலுசு, வளையல் எதுவும் கூடாது. முதல் நாள் நனைந்த உடையில் கரையேறும்போது எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவரவர் மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்துவதில் மும்முரமாக இருந்தார்கள்.

வகுப்பு காலை 6 மணிக்கு. அதற்குக் காரணம் காற்று. விடியற்காலையில் தரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று அடிக்கும், அலை கலையாமல் வரிசையாக வரும். வெயில் ஏறினால் கடல்காற்று திரும்பிவிடும், தண்ணீர் கலங்கி அலை தாறுமாறாக உடையும். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. 4 மணிக்கு எழுந்து சாம்பார் வைத்து, இட்லி ஊற்றி, ஹாட்பேக்கில் போட்டுவிட்டுக் கிளம்பினால் 9 மணிக்கு வீட்டில் இருப்பேன்.

முதல் ஒரு மணி நேரம் தண்ணீரே கிடையாது. மணலில்தான். பலகை எட்டு ஒன்பது அடி நீளம், மேலே மெத்தென்று ஃபோம். மேலே பட்டாலும் மரப்பலகை போல அடி விழாது. அதில் குப்புறப் படுக்க வேண்டும், கால் விரல்கள் பலகையின் வால் பக்கம் இருக்க வேண்டும். கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, ஒரே மூச்சில் எழுந்து பக்கவாட்டில் நிற்க வேண்டும். இளம்பிள்ளைகள் தவளை மாதிரி குதித்து எழுந்தார்கள். எனக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன். வயிறு அப்படிச் சொன்னபடி கேட்கவில்லை. "அக்கா, முதல்ல ஒரு முட்டியைப் போடுங்க, அப்புறம் ஒரு கால், அப்புறம் இன்னொரு கால்" என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார் தம்பி. முதுகு வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

எந்தக் கால் முன்னால் வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளுவார்கள். விழாமல் இருக்க எந்தக் காலை முன்னே வைக்கிறோமோ, பலகையிலும் அதுதான் முன்னங்கால். எனக்கு இடது கால் வந்தது. பின்னங்காலான வலது கணுக்காலில் பலகையின் கயிற்றைப் பட்டை போட்டு ஒட்டிவிட்டார்கள். நாம் விழுந்தாலும் பலகை நம்மை விட்டுப் போகாது.

விழுவதற்கும் பாடம் உண்டு. தலைகுப்புற விழக்கூடாது, ஆழம் குறைவு, கழுத்து அடிபடும். பக்கவாட்டிலோ பின்னாலோ தட்டையாக விழ வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து எழும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு எழ வேண்டும். நமக்கும் அலைக்கும் நடுவில் பலகையை வைத்துக்கொண்டு நிற்கவே கூடாது. அலை அதைத் தூக்கி நம் முகத்தில் அடிக்கும்.

பிறகு தண்ணீர். முழங்கால் வரை சரி. தொடை வரை வந்ததும் கால் நகரவில்லை. உடம்பு நடுங்குகிறது, குளிரினால் அல்ல. மகள் முன்னால் போய்விட்டாள். தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்கா?" என்றார். கடலூர் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னைக்கு எங்க அப்பா படகையும் வலையையும் கொண்டு போயிடுச்சுக்கா. எனக்கு பத்து வயசு. ரெண்டு மாசம் அப்பா திண்ணையிலயே உட்கார்ந்திருந்தாரு. அப்புறம் கடலுக்குத்தான் போனாரு. வேற எங்க போறது?" என்றார். "அது அலை இல்லக்கா. கடலே எழுந்து வந்தது. இது தினமும் வர்ற அலை. இதைப் பார்த்து எண்ணுங்க" என்று சொல்லி, என்னை அங்கேயே நிற்க வைத்து அலைகளை எண்ணச் சொன்னார். சிறிசாக நாலைந்து, பிறகு பெரிசாகச் சில, பிறகு ஓர் இடைவெளி. மணிக்கணக்காக எண்ணியது போலிருந்தது. பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. எண்ண எண்ண, அடுத்தது எப்போது வரும் என்று ஒருவாறு தெரிந்தது. தெரிந்ததும் நடுக்கம் குறைந்தது. அன்று நான் செய்தது அவ்வளவே. பலகையில் படுக்கக்கூட இல்லை.

இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும் எல்லோருக்கும் இது உதவும். அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும் இடத்தைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். இரண்டு பக்கமும் நுரைத்து, நடுவில் ஒரு சந்து மாதிரி அலையே உடையாமல் அமைதியாக, தண்ணீர் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தால், 'இங்கே அலை இல்லை, குழந்தை விளையாடட்டும்' என்று விட்டுவிடுகிறோம். கரைக்கு வந்த தண்ணீர் பெரும்பாலும் அந்தச் சந்து வழியாகத்தான் கடலுக்குத் திரும்பி ஓடுகிறதாம். ஆளையும் சேர்த்து இழுக்கும். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது, நல்ல நீச்சல்காரரும் களைத்துப்போவார். மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்குப் பக்கவாட்டாக நீந்தி, அந்த இழுப்பை விட்டு வெளியே வந்து, பிறகு கரையேற வேண்டும். கடலூரில் பிறந்த எனக்கு இதை 38 வருஷமாக யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் விழுந்ததைத் தவிர எழுத ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து வாய் மரத்துப்போனது. ஒரு நாள் முகத்துக்குப் பூசும் வெயில் க்ரீமை வயிற்றிலும் காலிலும் பூசிக்கொண்டு வந்த ஒரு பெண், பலகையில் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கி வழுக்கி விழுந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி.

நான்காம் நாள். தம்பி பின்னாலிருந்து பலகையைப் பிடித்துக்கொண்டு, "காலைப் பார்க்காதீங்கக்கா, கரையில இருக்கிற அந்த மாதா கோயிலைப் பாருங்க... இப்போ!" என்று தள்ளினார். பலகைக்கு அடியில் அலை வந்தது முதுகெலும்பில் தெரிந்தது. முட்டி, ஒரு கால், இன்னொரு கால். நின்றுவிட்டேன். மூன்று விநாடி இருக்கும், நாலு என்று மகள் சொல்கிறாள். கோயில் என்னை நோக்கி வருவது போலிருந்தது. கீழே சத்தமே இல்லை. அப்புறம் பொத்தென்று விழுந்தேன். எழுந்ததும் அழுதேன். முகமெல்லாம் உப்புத் தண்ணீர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது! பாங்க் அம்மா மட்டும் கண்டுபிடித்துவிட்டார். வந்து தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

இந்த விளையாட்டு வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்தது என்று நினைத்திருந்தேன். பலகை அங்கிருந்து வந்ததுதான். ஆனால் நம் மீனவர்கள் கட்டுமரத்தில் அலையேறிக் கரைக்கு வருவது காலங்காலமாக நடப்பது. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர்தான் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்துப் பெயர் வாங்கியவர். 2013-லிருந்து அங்கே அலைச்சறுக்கு விழாவே நடந்தது. பெண்களில் இஷிதா மாளவியா கர்நாடகக் கடற்கரையில் 2007-லேயே தொடங்கியவர், நாட்டின் முதல் அலைச்சறுக்கு வீராங்கனை என்கிறார்கள். மாமல்லபுரத்து மீனவர் வீட்டுப் பெண் கமலியையும் அவர் அம்மா சுகந்தியையும் பற்றி எடுத்த 'கமலி' என்ற குறும்படம் 2020-ல் லண்டன் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. சக்கரப் பலகையில் ஓடிய அந்தச் சிறுமி இன்று அலைப்பலகையிலும் ஜெயிக்கிறாள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது மகளோடு போயிருந்தேன். நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அவர் எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது என் முட்டி தானாக மடங்கியது.

முகாம் முடிந்து ஒரு வாரம் தோளைத் தூக்க முடியவில்லை. குக்கரை மேல் தட்டில் வைக்க மகனைக் கூப்பிட்டேன். கையால் தண்ணீர் தள்ளுவது அவ்வளவு வேலை. பக்கத்து வீட்டில், "என்ன இப்படி கறுத்துட்டே?" என்றார்கள். "வெயில்" என்றேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏண்டி..." என்றவள் அதற்கு மேல் பேசவில்லை, போனை வைத்துவிட்டாள். இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒரு நாள் கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில், "அந்தப் பலகை முழுகாதா?" என்றாள்.

"முழுகாதும்மா."

"உம்" என்றாள். கத்தரிக்காய்க்குத் திரும்பிவிட்டாள்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தை. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். உடை மாற்ற அறை இருக்கிறதா, எத்தனை பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்று முதலிலேயே கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கடல் கொந்தளிக்கும், புதிதாகக் கற்பவர்கள் அப்போது போக வேண்டாம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னல் போட்டுக்கொள்ளுங்கள், உப்பில் முடி சிக்காது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். வரும்போது பழைய நைட்டி ஒன்றும் இரண்டு துண்டும் கொண்டு வாருங்கள். ஒன்றை மகள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

- ஒரு வாசகி, கேளம்பாக்கம்.