அழைப்பும் உடன்படிக்கையும்

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் நம் முன்னோருக்கு ஸ்ரீராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பதே நினைவுக்கு வரும். இக்காலத்திலோ அவ்வூரையும் அடுத்துள்ள ஒரகடத்தையும் சொன்னமாத்திரத்தில் மோட்டார் வண்டிகளும், கண்ணாடியும், டயரும், கைப்பேசியும் உற்பத்தியாகும் ஆலைகளே எல்லோருடைய மனத்திலும் தோன்றுகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. இரண்டாண்டில் டைம்லர் லாரி ஆலையும் அங்கே எழுந்தது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் வாலிபர்களின் பேச்சைச் செவிமடுத்தால், சம்பளம், ஓவர்டைம் என்ற பழைய வார்த்தைகளோடு கானடா, ஆஸ்திரேலியா, புள்ளி, நாமினேஷன் என்ற புதிய வார்த்தைகளும் காதில் விழுகின்றன.

அத்தகைய வாலிபர் ஒருவர் சின்னாட்களுக்கு முன் தம் தந்தையாருடன் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். ஆலையொன்றில் வெல்டிங் செய்யும் ரோபோக்களுக்குப் புரோகிராம் எழுதுவதும், அவை பழுதுபட்டால் சீர்செய்வதும் அவருடைய உத்தியோகம். வயது 32, அநுபவம் ஒன்பது வருஷம். நாம் சட்டம் பயின்றவரென்பதை அறிந்து, குடியேற்ற ஏஜெண்டு ஒருவர் கையெழுத்துக் கேட்டிருந்த ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லும்படி நம்மிடம் கொடுத்தார். ஏஜெண்டின் முன்பணத்துக்காகத் தந்தையார் தமது ஒன்றரை ஏக்கர் நஞ்சையை அடமானம் வைக்கச் சித்தமாயிருந்தார். “பையன் போனால் நல்லதுதானே, ஐயா?” என்று அவர் கேட்டார். ஒரு வார்த்தையில் விடையிறுக்க நம்மால் இயலவில்லை. அவ்விடையைச் சற்று விரிவாகவே இங்கு எழுத முற்படுகிறோம். அது அவ்விருவருக்கு மட்டும் உரிய விஷயமன்று.

கானடாவில் குடியேற இறுதி அநுமதி அளிப்பது மத்திய சர்க்காரே. ஆயினும் குடியேறுவோர் டொரண்டோ, வான்கூவர் போன்ற பெருநகரங்களிலேயே சென்று குவிந்தபடியால், ஜனத்தொகை அருகிய மாகாணங்கள் தமக்கு வேண்டிய ஆட்களைத் தாமே பொறுக்கிச் சிபார்சு செய்யும் உரிமையைக் கேட்டுப் பெற்றன. மானிடோபா முதலிய இடங்களில் 1998 முதல் இம்முறை நடைபெறுகிறது. 2015இல் மத்திய சர்க்கார் வயது, படிப்பு, மொழியறிவு, தொழில் அநுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு ஆட்களை வரிசைப்படுத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் மொத்தப் புள்ளி 1,200. அவற்றுள் 600 ஒரு மாகாணத்தின் சிபார்சினால் மட்டுமே கிடைக்கும் என்றால், அச்சிபார்சின் பெறுமதியை வாசகர்கள் எளிதில் ஊகிக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் அவ்விதமே ஒவ்வொரு ராஜ்யமும் தனக்குத் தேவையான தொழில்களைக் கணித்து, அத்தொழில் அறிந்தவரைச் சிபார்சு செய்கிறது.

இவ்விடத்தில் சரித்திரத்தைச் சிறிது நினைவுகூர்தல் தகும். 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் ஐந்து வருஷ ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்று நவம்பர் 16ஆந் தேதி நேட்டாலில் இறக்கிற்று. தாம் கைநாட்டிட்ட பத்திரத்தில் என்ன எழுதியிருந்ததென்பதை அவர்களில் பெரும்பாலோர் வாசித்தறியக் கூடவில்லை. 1901இல் ஆஸ்திரேலியா, தனக்கு வேண்டாதவருக்கு ஐரோப்பிய மொழியொன்றில் எழுத்துப் பரீட்சை வைத்துத் தள்ளும் சட்டத்தை இயற்றியது. 1908இல் கானடா, சொந்த தேசத்திலிருந்து இடையில் நில்லாமல் நேராக வராதவரை இறங்கவிடலாகாது என்று விதித்தது. இந்தியாவிலிருந்து அவ்வாறு நேரே செல்லுதல் நடைமுறையில் இயலாதென்பதை அறிந்தே அவ்விதி செய்யப்பட்டது. 1914இல் ‘கோமகட்ட மாரு’ கப்பலில் சென்ற 376 பேரில் மிகச் சிலர் நீங்கலாக ஏனையோர் வான்கூவர் துறையிலிருந்தே திருப்பியனுப்பப்பட்டனர். அச்செயலுக்காகக் கானடாவின் பிரதம மந்திரி 2016இல் பார்லிமெண்டில் மன்னிப்புக் கோரினார்.

அன்று கதவடைத்த தேசங்கள் இன்று பெயர் சொல்லி அழைப்பதன் காரணம் யாது? அவர்களுடைய மனம் மாறியிருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய தேவையும் மாறியிருக்கிறது. ஊர்கள் முதுமையடைகின்றன, ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆள் போதவில்லை. ஆகவே மாகாணச் சிபார்சு என்பது தானமன்று; தேவையுடைய இருவர் செய்துகொள்ளும் உடன்படிக்கை. உடன்படிக்கை என்றால் அதில் ஷரத்துக்கள் உண்டு. ஒப்பந்தக் கூலிக்கு இல்லாதிருந்த ஒரு பாக்கியம் இன்றைய வாலிபருக்கு உண்டு: அவரால் ஷரத்துக்களை வாசிக்க முடியும். வாசியாமல் கையெழுத்திடுவாராயின் குற்றம் பிறருடையதாகாது.

ஆஸ்திரேலியாவின் இரண்டு விஸாக்களை எடுத்துக்கொள்வோம். 190ஆம் எண் விஸாவுக்கு ராஜ்யத்தின் சிபார்சு 5 புள்ளி தருகிறது. கிடைத்தால் தொடக்கத்திலேயே நிரந்தர வாசம். 2019 நவம்பரில் வந்த 491ஆம் எண் விஸாவுக்கோ 15 புள்ளி. எனவே பலரும் அதையே நாடுகின்றனர். ஆனால் அது ஐந்து வருஷத்துக்கு மட்டுமே. ஸிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்கள் நீங்கலான பிரதேசத்திலேயே வசிக்கவும் வேலை செய்யவும் வேண்டும். மூன்று வருஷ வருமான வரிக் கணக்கைக் காட்டிய பின்னரே நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்யலாம். வயதும் ஒரு ஷரத்து. 32 வயதுவரை 30 புள்ளி; 33 பிறந்த அன்றே அது 25 ஆகிறது; 45 ஆகிவிட்டால் அழைப்பே இல்லை. நம்மிடம் வந்த வாலிபரின் அவசரத்துக்குக் காரணம் இதுவே.

கானடாவில், நிரந்தர வாசம் பெற்றவர் எம்மாகாணத்துக்கும் சென்று பிழைக்கலாமென்று 1982ஆம் வருஷத்திய உரிமைச் சாசனம் கூறுகிறது. இதைக் கொண்டு, “சிபார்சை ஒரு மாகாணத்தில் வாங்கு, இறங்கியதும் டொரண்டோவுக்குப் போ” என்று போதிப்போர் பலர். ஆனால் மனுச் செய்யும்பொழுது சிபார்சு செய்த மாகாணத்தில் வசிக்கும் எண்ணம் மெய்யாகவே இருத்தல் வேண்டும். பொய் சொன்னதாகக் கண்டால் ஐந்து வருஷம் கதவடைக்கச் சட்டத்தில் இடமுண்டு. சட்டம் ஒருபுறமிருக்க, நம்மை நம்பி அழைத்த ஊரை ஏய்ப்பது, பின்னால் அதே வாசலில் நிற்கப்போகும் தமிழருக்குத் தீங்கு செய்வதாகும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. அழைக்கும் கை எப்பொழுதும் நீட்டியபடியே இராது. மாகாணச் சிபார்சின் வழியே 2024இல் 1,10,000 பேரை ஏற்பதாகக் குறித்திருந்த கானடா சர்க்கார், 2025க்கு அவ்விலக்கை 55,000ஆகப் பாதியாக்கிற்று. அவர்களுடைய வீட்டுப் பஞ்சமும் தேர்தல் வாதங்களும் ஒரகடத்து வாலிபரின் தலைவிதியில் குறுக்கிடுகின்றன. இப்படியிருக்க, “நிச்சயம் பி.ஆர்.” என்று உறுதி கூற எந்த ஏஜெண்டுக்கு அதிகாரம் உண்டு?

நாம் வாசித்த ஒப்பந்தத்தில் அவ்வுறுதி முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், பலன் கிட்டாவிடினும் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று சிறிய எழுத்தில் இருந்தது. எந்தத் தேசத்துக்கு, எந்த மாகாணத்துக்கு, எந்த விஸாவுக்கு என்பது எங்கும் குறிக்கப்படவேயில்லை. கானடா சட்டப்படி, கூலி பெற்றுக்கொண்டு குடியேற்ற மனுவில் பிரதிநிதியாக நிற்பவர் அந்நாட்டு வக்கீலாகவோ, 2021இல் அமைந்த குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் அங்கத்தினராகவோ, சட்டம் அங்கீகரித்த வேறு சிலருள் ஒருவராகவோ இருத்தல் வேண்டும். அந்தப் பதிவெண்ணைக் கேட்டு வாங்கும்படி வாலிபரிடம் சொன்னோம். கேட்டபொழுது ஏஜெண்டு கோபித்துக்கொண்டாராம். கோபமே பதிலாயிற்று. பஞ்சாபில் இத்தகைய ஏஜெண்டுகளை லைசென்ஸுக்கு உட்படுத்தும் சட்டம் 2012இல் செய்யப்பட்டது. அவ்விதமான காவல் ஒவ்வொரு ராஜ்யத்திலும் வேண்டுவதே.

இனி நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். கை தேர்ந்த தொழிலாளி ஏன் போக விரும்புகிறார்? சம்பளம் ஒரு காரணம்; அது மட்டுமன்று. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்திற்று. வருஷக்கணக்கில் பயிற்சியாளரென்றும் காண்டிராக்ட் ஆளென்றும் பெயர் தாங்கி வேலை செய்வோர் இவ்வட்டாரத்தில் அநேகர். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டுமென்பதற்காகவே 2024இல் ஸாம்சங் தொழிலாளர் ஐந்து வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. நாளை என்னவாகுமென்று அறியாதவனுக்கு, மனைவி மக்களோடு வந்து நிலைத்திரு என்று கூறும் அயல்மாகாணத்தின் குரல் இனிமையாகத்தானே ஒலிக்கும்?

நம்மால் இயலாததன்று. வல்லம்-வடகாலில் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கும் விடுதியை நமது சர்க்கார் 2024இல் திறந்துவைத்தது. ஆலைக்கு நிலமும் நீரும் சலுகையும் அளிக்கையில், தொழிலாளிக்கும் இடமளிக்கவேண்டுமென்ற எண்ணம் அதிலே தெரிகிறது. அவ்வெண்ணம் இன்னும் விரியவேண்டும். எத்தொழிலுக்கு எத்தனை பேர் தேவையென்று அயல்மாகாணங்கள் கணித்து அறிவிப்பதுபோல நாமும் அறிவிக்கவேண்டும். குறித்த காலம் உழைத்தவருக்கு நிரந்தரம் உறுதியாகவேண்டும். போக விரும்புவோருக்கு ஷரத்துக்களை நேர்மையாக விளக்கிச் சொல்லும் ஆலோசனை நிலையமொன்று ஸ்ரீபெரும்புதூரிலேயே ஏற்படவேண்டும். தன் தொழிலாளியின் அருமையை முதலில் அறியவேண்டியது அவன் பிறந்த மாகாணமே.

நஞ்சை இன்னும் அடமானமாகவில்லை. வாலிபர் தம் தொழில் தகுதியைப் பரிசீலிக்கும் மனுவைத் தாமே தயாரித்து, ஆங்கிலப் பரீட்சைக்கும் வாசித்து வருகிறார். தந்தையாருக்கு நாம் அளித்த விடை இது: போவதில் இழுக்கில்லை, இருப்பதிலும் இழுக்கில்லை, நிலத்தைப் பணயம் வைத்து, வாசியாத காகிதத்தில் கையெழுத்திட்டுப் போவதே இழுக்கு. 1860இல் கப்பலேறியவர்களின் சந்ததியாருக்கு அவ்வளவேனும் தெரிந்திருத்தல் வேண்டும்.