உறைபனியில் வியர்வை

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், ஜவ்வாது மலையைப் பார்த்தவாறு அமைந்திருக்கும் கண்ணமங்கலத்தில், மார்கழி விடியற்காலைக் குளிர் என்பது தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய்விட்டால் தீர்ந்துவிடக்கூடியதே. மலைமேல் ஜமுனாமரத்தூரில் அதற்கு ஒரு கம்பளி வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆயினும் நீர் கல்லாக உறையும் குளிரை இப்பிரதேசத்தார் அறியாதவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்கு வீடு சிப்பாய்களைத் தந்து, ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இச்சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள் காஷ்மீரத்தையும் லடாக்கையும் அறிவார்கள். 1984 ஏப்ரல் முதல் நம் துருப்புகள் காவல் புரிந்துவரும் சியாச்சினில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி வரை இறங்கும் என்பதும் அவர்கள் வீடுகளில் புதிய செய்தியன்று.

இப்போது சீருடை அணியாத இளைஞர்களும் யுவதிகளும்கூட வடக்கே புறப்படுகிறார்கள். குல்மார்க்கிலும் ஔலியிலும் பனிச்சறுக்குப் பழகுகிறார்கள். 1965-இல் உத்தரகாசியில் நிறுவப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் சேர்ந்து மலையேறக் கற்கிறார்கள். அவர்களிலும் துணிந்த சிலர், ஸ்பிதியிலும் லடாக்கிலும் உறைந்து தொங்கும் அருவிகளில், இரு கைகளிலும் பனிக்கோடரிகளைப் பிடித்து, காலணிக்கு அடியில் இரும்பு முட்களைப் பூட்டிக்கொண்டு, செங்குத்தான பனிக்கட்டியின்மேல் ஏறுகிறார்கள். இவர்கள் புறப்படும்போது வீட்டிலே தாயார், “இருக்கறதுலயே கனமா ஒண்ணு வாங்கிக்கோப்பா” என்று சொல்வது இயல்பு. அன்பினால் பிறந்த யோசனைதான். ஆனால் ஏறிக்கொண்டிருப்பவனுக்கு அது அபாயமான யோசனை. பனிமலையில் வெளியேயிருந்து வரும் குளிரைவிட உள்ளேயிருந்து வரும் வியர்வையே முதலில் கவனிக்கத் தக்கது என்பதை விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

சித்திரை வெயிலில் மண்பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிப் போகும்போது பானைக்குள் இருக்கும் நீரின் உஷ்ணத்தையும் உடன் கொண்டுபோய்விடுகிறது. நம் சரீரத்தில் வியர்வை செய்வதும் அதே காரியம். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின்மேல் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி உஷ்ணம் உடலை விட்டு நீங்குகிறது. கண்ணமங்கலத்துக் கோடையில் இது வரப்பிரசாதம். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில், பனிச்சுவரில் அரைமணி நேரம் கோடரி வீசி ஏறிய ஒருவன், தன் முறை முடிந்து இறங்கி, அடுத்தவன் ஏறுவதற்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும்போது, நனைந்த உள்ளாடை அதே வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, நீர் அசைவற்ற காற்றைக் காட்டிலும் சுமார் 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்தும் ஸ்வபாவம் உடையது. ஏறும்போது நனைந்தவன் நிற்கும்போது நடுங்குகிறான். நடுக்கம் வந்தபின் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. அந்த விரல்களில்தான் மற்றவனுடைய கயிறு இருக்கிறது.

எனவே ஏறுபவனுக்கு வேண்டியது, காற்றைப் பெருமளவு தடுத்து, தெறிக்கும் நீரை உதறி, உள்ளே எழும் ஆவியைத் தாமதமின்றி வெளியே விடுகிற ஓர் அங்கி. சாஃப்ட்ஷெல் ஜாக்கெட் என்று கடைகளில் சொல்லப்படுவது இதுவே. இதற்கு மூத்தது ஹார்ட்ஷெல் எனப்படும் மழையங்கி. 1969-இல் அமெரிக்கரான பாப் கோர் என்பவர் ஒருவகைப் பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்து நீட்டி, நீர்த்துளி நுழையமாட்டாத, நீராவி மாத்திரம் ஊடுருவுகிற நுண்துளைச் சவ்வைக் கண்டுபிடித்தார்; அச்சவ்வைத் துணியோடு ஒட்டியே அவ்வகை மழையங்கிகளைத் தைத்தார்கள். பெருமழைக்கு அதற்கு நிகரில்லை. ஆனால் காற்று அதனூடே புகுவதில்லையாதலால், கடுமையாக உழைக்கும் உடல் எழுப்பும் ஆவி முழுவதையும் அது உடனுக்குடன் வெளியேற்ற இயலாது. மிஞ்சிய ஆவி அங்கியின் உட்புறத்திலேயே பனித்தூளாகப் படிந்துவிடுகிறது.

சாஃப்ட்ஷெல்லின் சாமர்த்தியம் பெரும்பாலும் நெசவிலேயே இருக்கிறது. ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு, பாவும் ஊடையும் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவுக்குத் துணியின் குணமே மாறும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலக யுத்தகாலத்தில், குளிர்ந்த கடலில் வீழ்கிற பிரிட்டிஷ் விமானிகளைக் காப்பதற்காக, நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கி நெய்து வெண்டைல் என்ற துணியை உண்டாக்கினார்கள். நனைந்தவுடன் அதன் நூல்கள் பருத்து, இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். இக்காலத்து சாஃப்ட்ஷெல்லில் பருத்திக்குப் பதில் நைலானோ பாலியஸ்டரோ இருக்கிறது; கையை உயர்த்தினால் துணியும் உடன் வருவதற்காகச் சிறிதளவு ஸ்பான்டெக்ஸ் நூல் கலந்திருக்கிறது; வெளிப்புறத்தில் நீரை முத்து முத்தாக உருட்டிவிடும் பூச்சும், உட்புறத்தில் பெரும்பாலும் மெல்லிய பஞ்சுபோன்ற சொரசொரப்பும் இருக்கின்றன.

ஆயினும் இப்பெயரில் விற்பவை யாவும் ஒரே இனம் அல்ல. சிலவற்றில் நெசவு மாத்திரமே உண்டு. சிலவற்றில் நெசவுக்குள்ளே சவ்வும் வைத்து ஒட்டியிருப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது ஏறக்குறைய கழித்தல் 20 டிகிரியைப்போல் உறைக்கும். ஆகையால் சவ்வுள்ள அங்கியே நல்லது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கேபிள் நாற்காலியில் உட்கார்ந்து மலையுச்சிக்குப் போய்ச் சறுக்கி இறங்குகிறவருக்கு அது சரியே, அவர் உழைப்பதைவிடக் காற்றில் இருக்கும் நேரம் அதிகம். பனிக்கட்டியில் ஏறுகிறவருக்கோ சவ்வில்லாததையே நான் சிபாரிசு செய்வேன்: அவர் அருவியின் மடியில் ஒதுங்கி, மேல்மூச்சு வாங்க உழைக்கிறார், துணியூடே சற்றுக் காற்று புகுந்தாலும் நஷ்டமில்லை, ஆவி தங்கினால்தான் நஷ்டம். விவரச் சீட்டில் ‘ரெட்’ என்ற எண் போட்டிருந்தால் அதைப் பார்க்கலாம். ஆவிக்குத் துணி காட்டும் எதிர்ப்பின் அளவு அது. 6-க்குக் கீழே இருந்தால் மிக நன்று. 20-ஐத் தாண்டினால் உழைப்பவருக்கு உதவாது. 24 மணி நேரத்தில் ஒரு சதுர மீட்டர் வழியே இத்தனை கிராம் ஆவி போகும் என்று அச்சிடும் பெரிய எண்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அவற்றை அளக்கும் முறைகள் பல, ஒன்றின் விடையை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது.

இந்த அங்கி தனியே நின்று காப்பாற்றாது. உள்ளே பருத்திப் பனியன் போட்டால் எல்லாம் வீண். நம் ஊர் வெயிலுக்கு உற்ற துணையான பருத்தி, பனியில் வியர்வையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு விடாது. மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை வேண்டும். முதுகுப் பையில், நின்று கயிறு பிடிக்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ள, இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்த தடித்த அங்கி ஒன்று இருக்க வேண்டும். தாயார் சொன்ன கனமான உடைக்கு உரிய இடம் அதுதான். ராணுவமும் அடுக்கு முறையையே கைக்கொள்கிறது. 2022 டிசம்பரில் பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனம் ஐந்து இந்தியக் கம்பெனிகளுக்கு வழங்கிய கடுங்குளிர் உடைத் தொழில்நுட்பம் மூன்றடுக்கு கொண்டது; 20 டிகிரி வெப்பத்திலிருந்து கழித்தல் 50 டிகிரி வரை, உழைப்புக்குத் தக்கபடி அடுக்கைக் கூட்டியும் குறைத்தும் அணிவதற்காக வகுக்கப்பட்டது.

கடையில் அணிந்து பார்க்கையில் கண்ணாடிமுன் நேராக நிற்பது பரீட்சையாகாது. கோடரி வீசுவதுபோல் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்த வேண்டும். அப்போது கீழ்விளிம்பு இடுப்பைவிட்டு மேலேறினால், கயிறு பூட்டும் ஹார்னஸ் வாரிலிருந்து அங்கி பிதுங்கி வயிறு வெளித்தெரியும். முக்காடு ஹெல்மெட்டுக்கு மேலே ஏறி, தலையைத் திருப்ப இடம்கொடுக்க வேண்டும். பைகள் வாரின் அடியில் சிக்காமல் மார்பருகே இருப்பதும், அக்குளில் திறக்கும் ஜிப் இருப்பதும், மணிக்கட்டுப் பட்டை கையுறைக்குள் அடங்குவதும் சிறு விஷயங்கள்போல் தோன்றினாலும் சுவரின் நடுவிலே பெரியவை. உறைந்த அருவிகள் வெயில் ஏறியதும் சொட்டத் தொடங்கும். ஓயாத நீரையும் ஈரப்பனியையும் சாஃப்ட்ஷெல் நெடுநேரம் தாங்காது என்பதால் மெல்லிய மழையங்கி ஒன்றும் பையில் மடித்திருக்கட்டும்.

வெளிப்பூச்சு நாளடைவில் தேயும். நெடுங்காலம் இதற்குப் பயன்பட்ட புளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் அவற்றைப் பல தயாரிப்பாளர்கள் கைவிட்டுவருகிறார்கள். புளோரின் இல்லாத பூச்சு எண்ணெய் அழுக்குக்குச் சீக்கிரம் இளைத்துப்போகும், ஆகவே அடிக்கடி துவைக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் மாத்திரம் கூடவே கூடாது, அது நீரை ஈர்க்கும் படலத்தை விட்டுப்போகிறது. மிதமான சோப்பில் அலசி, நன்றாகக் கழுவி, சீட்டு அனுமதித்தால் இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டு, உலர்ந்தபின் தோளின்மேல் கொஞ்சம் நீர் தெளித்துப் பார்க்கலாம்: உருண்டு ஓடினால் பூச்சு உயிரோடிருக்கிறது, துணி கறுத்து நீரைக் குடித்தால், தெளிப்பானில் வரும் புதுப்பூச்சு ஒரு புட்டி வாங்கிப் பூசினால் அதே அங்கி இன்னும் சில பருவங்களுக்கு உழைக்கும்.