வீட்டின் வெளிச்சுவருக்கு ஏற்ற பூச்சு எது?

குடியானவர் ஒருவர் தம் ஆயுளில் ஒருமுறை செய்யும் பெருஞ்செலவு வீடு கட்டுவதேயாகும். அறுவடைப் பணத்தையும், அது போதாமல் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனையும் கொண்டு எழுப்பிய சுவர், கடன் தீருமுன்னே இடிந்து விழுமானால், அக்குடும்பம் வீட்டையும் இழந்து தவணையையும் சுமக்க நேரிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விழும் சுவர்கள் யாவும் பூச்சில்லாமையால் விழுவன அல்ல. சுவருக்குப் பொருந்தாத பூச்சினாலேயே விழுவனவும் உண்டு. ஆகையால் பூச்சைத் தெரிந்தெடுக்கும் விஷயத்தில் ஒவ்வொருவரும் கவனம் செலுத்த வேண்டியது அவசியமாகும்.

பூச்சின் இரு தொழில்கள்

சுவருக்குள் ஈரம் மூன்று வழிகளில் புகுகிறது. மழைச்சாரல் வெளியிலிருந்து அடிக்கிறது. நிலத்தின் ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அடியிலிருந்து ஏறுகிறது. சமையலறை, குளியலறை ஆகியவற்றின் ஈரம் உள்ளிருந்து பரவுகிறது. மழையைத் தடுப்பது பூச்சின் முதல் தொழில் என்பதை யாவரும் அறிவர். உட்புகுந்த ஈரத்தை வெயில் வந்ததும் வெளியே விடுவது அதன் இரண்டாம் தொழில். இதைத்தான் அநேகர் மறந்துவிடுகின்றனர்.

மண் சுவரும் சிமெண்டும்

இந்தியாவில் சிமெண்டு உற்பத்தி 1914-இல் போர்பந்தரில் நிலைபெற்றது. அதற்கு முன்னர் நம் வீடுகள் மண்ணாலும் சுண்ணாம்பாலுமே பூசப்பட்டு வந்தன. சிமெண்டு எளிதில் கிடைக்கத் தொடங்கிய பின்னர், மண் பூச்சு வறுமையின் அடையாளமென்றும், சிமெண்டுப் பூச்சே கௌரவமென்றும் ஓர் எண்ணம் ஊர்களில் பரவியது. பழைய மண் சுவரின்மேல் சிமெண்டு பூசினால் அது கல்வீடாகிவிடும் என நம்புவோரும் உளர்.

உண்மை இதற்கு மாறானது. மண் சுவர் நனைந்தால் சற்றுப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். சிமெண்டு அதனுடன் இசைந்து அசையாததால் மயிரிழை வெடிப்புகள் உண்டாகின்றன. அவற்றின் வழியே இறங்கிய நீர் எளிதில் வெளியேறாமல் சுவரின் அடிப்பாகத்தில் தங்கி மண்ணைக் குழைக்கிறது. வெளித்தோற்றம் அழகாகவே இருக்கும். பின்பு ஒரு நாள் பூச்சு பெயர்ந்து, தன்னுடன் சுவரின் மண்ணையும் கொண்டு விழும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கற் சுவரிலும், பூச்சின் பின்னே உப்புச் சேர்ந்து செங்கல் பொடிந்து போவதுண்டு.

ஆகவே பூச்சு சுவரைவிடக் கடினமாயிருத்தலாகாது என்பதே பொது விதியாகும்.

சுவருக்கேற்ற பூச்சு

மண் சுவருக்கு: களியும் மணலும் கலந்த மண்ணே ஏற்றது. அம்மண்ணை நீர்விட்டுப் பிசைந்து, ஓர் உருண்டை பிடித்து நிழலில் உலர்த்திப் பார்க்க வேண்டும். வெடித்தால் மணலும், உதிர்ந்தால் களியும் சேர்க்க வேண்டும். நறுக்கிய வைக்கோலைக் கலந்து, சுமார் ஒரு வாரம் ஊறவிட்டு, நன்றாக மிதித்துப் பூசுதல் நலம். முதற்பூச்சு உலர்ந்து காணும் வெடிப்புகளை இரண்டாம் பூச்சு மூடிவிடும். அதன்மேல் சாணமும் மண்ணும் கரைத்து மெழுகி, ஆண்டுதோறும் மழைக்கு முன் சுண்ணாம்பு அடித்தல் வேண்டும். சாரல் மிகுந்த பக்கத்திற்கு, ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறைப்படி, இளக்கிய தார் கலந்த மண் பூச்சை உபயோகிக்கலாம்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கற் சுவருக்கு: நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்கும் கலந்த காரை தகுந்தது. மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாக, நன்கு வெந்த செங்கலின் பொடியைச் சேர்த்தால் காரை ஈரத்திலும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது பழைய கொத்தனார்களின் வழக்கம். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்கள் சுண்ணாம்பு வேலையின் சிறப்புக்குச் சான்றாகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாகவே இறுகுமாதலால் அவசரம் கூடாது. மழை ஓய்ந்து சுவர் உலர்ந்தபின், தை, மாசி மாதங்களில் பூசி, கடும் வெயில் படாமல் சில நாள் நீர் தெளித்து வருதல் நலம்.

சிமெண்டுச் சாந்தில் கட்டிய செங்கல் அல்லது சிமெண்டுக் கட்டைச் சுவருக்கு: சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு போதுமானது. அத்துடன் ஒரு பங்கு சுண்ணாம்பும் சேர்த்தால் பூச்சு சற்று இளக்கமுற்று வெடிப்பு குறையும். சிமெண்டை மிகுதியாகச் சேர்த்தால் வெடிப்பு அதிகமாகும். பூசியபின் ஏழு நாளேனும் நனைத்து வர வேண்டும். கடல் மணல் உப்புடையதாதலால் எப்பூச்சுக்கும் ஆகாது.

பூச்சுக்கு முன் கவனிக்க வேண்டியவை

எந்தப் பூச்சும் தாழ்வாரத்திற்கு ஈடாகாது. கூரை சுவருக்கு வெளியே இரண்டடியாவது நீண்டிருக்க வேண்டும். கல்லாலோ வெந்த செங்கல்லாலோ ஒன்றரை அடி உயரத்திற்கு அடிமட்டம் எழுப்பிச் சுவரை அதன்மேல் நிறுத்துவதும், கூரைநீர் சுவரோரத்தில் தேங்காமல் வாய்க்கால் வெட்டுவதும் அவசியமாகும்.

மண் சுவரில் ஏற்கெனவே சிமெண்டு பூசியவர்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். டொக்கென்று வெற்றொலி கேட்குமிடத்தில் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்துள்ளது. கோடைகாலத்தில் அப்பகுதிகளைச் சிறிது சிறிதாகப் பெயர்த்து, சுவரை உலரவிட்டு, மண் பூச்சிடுதல் வேண்டும். சுவர் வெளியே பிதுங்கியோ சாய்ந்தோ இருந்தால், மழைக்காலத்தில் அதனருகே குழந்தைகளைப் படுக்கவைத்தலாகாது.

சங்க அங்கத்தினர் நால்வர் ஐவர் சேர்ந்து சுண்ணாம்பையும் மணலையும் மொத்தமாகத் தருவித்துக்கொண்டால் வண்டிச் சத்தம் குறையும். மண் பூச்சுக்கு வேண்டியதோ, பெரும்பாலும் வீட்டாரின் உழைப்பே. ஊரார் மெச்சுவதற்காகக் கடன் வாங்கிப் பூசும் பூச்சைவிட, சுவரின் இயல்பறிந்து பூசும் பூச்சே குடும்பத்தைக் காக்கும்.