வாலாட்டலும் குழைதலும்

எங்கள் வீட்டு நாய் மணிக்குச் செருப்பென்றால் உயிர். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் ஒற்றைச் செருப்பு கூடத்தில் குதறிக் கிடக்கும். மணி கட்டிலுக்கு அடியில் இருப்பான். காது இரண்டும் பின்பக்கம் ஒட்டியிருக்கும், தலை தரையில் கிடக்கும், பார்வை மட்டும் சுவர்ப்பக்கம் போகும். “பாத்தியா, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது” என்பார் அம்மா. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். நம்பித் திட்டவும் செய்தேன்.

நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் நாய்களின் மனத்தை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ், 2009இல் இந்தக் குற்றமுகத்தையே சோதனைக்கு எடுத்துக்கொண்டார். மொத்தம் 14 நாய்கள். தின்பண்டத்தைக் காட்டி, “தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டு, வளர்ப்பவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது நாய் அதைத் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள். சில முறை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார்கள். தின்றுவிட்டது என்று கேட்டவர் நாயைத் திட்டினார். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தால், நாய் தின்றதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லை. திட்டு விழுந்தால் முகம் வந்தது. விழாவிட்டால் பெரும்பாலும் வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டுச் சமர்த்தாக இருந்தும் வீணாகத் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதை இன்னும் அதிகமாகக் காட்டின.

அந்த முகம் “தப்புப் பண்ணிட்டேன்” என்று சொல்வதில்லை. “கோபமா இருக்கே, என்னை விட்டுடு” என்கிறது. கதவு திறக்கும் சத்தம், தரையில் கிடக்கும் செருப்பு, என் முகம் மாறும் விதம் மூன்றும் சேர்ந்தால் அடுத்து என்ன வரும் என்று மணிக்குத் தெரியும். காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் திட்டினால், நான் வீட்டுக்கு வருவதே பயப்பட வேண்டிய விஷயம் என்றுதான் அவனுக்குப் பதியும். இதைப் படித்த அன்று, அவனைத் திட்டிய மாலைகளெல்லாம் நினைவுக்கு வந்து மனசு கனத்துப் போனது.

இதைவிட ஆபத்தான தப்புக்கணக்கு ஒன்று உண்டு. “வாலாட்டுதே, ஒண்ணும் செய்யாது, தொட்டுப் பாரு” என்று குழந்தையிடம் சொல்வது. வால் ஆடினால் நாயின் மனம் கிளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அது மகிழ்ச்சியாக இருக்கலாம், பதற்றமாக இருக்கலாம், பாயப்போவதாகவும் இருக்கலாம். தமிழில் வாலாட்டுதல் என்றும் சொல்கிறோம், வாலைக் குழைத்தல் என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. குழையும் நாய்க்கு இடுப்பிலிருந்து உடம்பே நெளியும்; வால் தளர்ந்து அகலமாக வீசும்; வாய் லேசாகத் திறந்திருக்கும். வால் கொடிக்கம்பம்போல் விறைத்து நின்று, நுனி மட்டும் வெடவெடவென்று துடித்து, வாய் இறுக மூடி, கண்ணின் வெள்ளை பிறைபோல ஓரத்தில் தெரிந்தால் அது குழைவு இல்லை. அங்கே கையை நீட்டக்கூடாது.

வால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதிலும் சேதி உண்டு. இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களை வைத்துப் பார்த்து 2007இல் வெளியிட்ட முடிவு இது: தன்னை வளர்ப்பவரைக் கண்டபோது வால் நாயின் வலப்பக்கம் அதிகம் வீசியது, முன்பின் தெரியாத, அதட்டலான நாயைக் கண்டபோது இடப்பக்கம். மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பிரித்துக்கொள்வதால் வரும் வேறுபாடு. நம் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. மற்ற நாய்களுக்குப் பிடிபடுகிறது.

உறுமும் நாயை அடிக்கும் வழக்கத்தை எப்படியாவது விட்டுவிட வேண்டும். உறுமல்தான் அதனிடம் உள்ள நாகரிகமான எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். பிறகு ஒருநாள் “சத்தமே போடாம கடிச்சிருச்சு” என்போம். தெருநாய் முறைத்தால் ஓடக்கூடாது. ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிப் பழக்கம். கண்ணோடு கண் பார்க்காமல், கையைத் தொங்கவிட்டு நின்று, மெல்ல விலக வேண்டும். மீறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

பூனையிடம் வந்தால் இந்த அகராதி பாதி தலைகீழ். வாலைப் பக்கவாட்டில் விசிறி அடித்தால் எரிச்சல். செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு வந்தால் வணக்கம். நாய் விளையாடக் கூப்பிட முன்காலைத் தூக்கும். பூனை அதே காலைத் தூக்கினால் பிறாண்டத் தயார். நம் காலைச் சுற்றிச் சுற்றி உரசுவது சோற்றுக்காக மட்டும் இல்லை. கன்னத்திலும் வாலடியிலும் உள்ள சுரப்பிகளின் வாசனையை நம்மேல் பூசி, நம்மையும் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ சொல்லிக்கொள்வது அபூர்வம். குட்டி தாயைக் கூப்பிடும் அந்தக் குரலை மனிதருக்கென்றே வைத்துக்கொண்டிருக்கின்றன. தொண்டையில் குர்ரென்று ஓடும் ஒலி சுகத்தின் அடையாளம்தான், ஆனால் வலியிலும் பிரசவத்திலும்கூடப் பூனை அப்படி ஒலிக்கும். சோறு தின்னாமல் மூலையில் சுருண்டு குர்ரென்கிற பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பூனை கண்ணை மூடினால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம் என்பது பழமொழி. உண்மையில் அது கண்ணை மூடுவது நம்பிக்கையால். வெறித்துப் பார்ப்பது மிரட்டல். இமையை மெல்லத் தாழ்த்திப் பாதி மூடுவது “உன்னிடம் பயமில்லை” என்பது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் இதைச் சோதித்தார்கள். மனிதர் மெல்லக் கண்சிமிட்டினால் பூனையும் திருப்பிச் சிமிட்டியது. அப்படிச் சிமிட்டிய அந்நியர் கையை நீட்டியபோது, முகத்தைச் சலனமின்றி வைத்திருந்தபோது வந்ததைவிட அதிகமாக நெருங்கி வந்தது.

எங்கள் மதிலுக்கு ஒரு சாம்பல்நிறப் பூனை வரும். பால் வைத்தாலும் ஆள் நகர்ந்த பிறகுதான் இறங்கும். அதைப் பார்த்தபடி, தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்போல இமையைத் தாழ்த்தி, கொஞ்சம் நிறுத்தி, திறந்தேன். முதல் நாள் ஓடிவிட்டது. மறுநாள் உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் நாள் அதன் மஞ்சள் கண்கள் கோடாகச் சுருங்கி, ஒரு கணம் முழுக்க மூடி, மெல்லத் திறந்தன. பிறகு மதிலிலிருந்து குதித்து, வாலை நேராகத் தூக்கிக்கொண்டு என் பக்கம் நடந்து வந்தது.