சிற்றியந்திரத்தின் குணமும் குற்றமும்



உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் இயந்திரத்தைப் பற்றி இன்று உங்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகின்றேன். நான் பொறியியல் கற்றவனல்லேன். வரலாறும் தமிழும் பயின்று பட்டம் பெற்று, அரசாங்கப் பாடசாலைகளில் நெடுங்காலம் கற்பித்து, இப்பொழுது ஒரு பாடசாலையின் அதிபராக இருப்பவன். இயந்திரத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஓர் இயந்திரத்தை என் கையாலேயே கெடுத்திருக்கின்றேன் என்பதுதான் எனக்குள்ள தகுதி.

இங்கிலாந்தில் நீண்டகாலம் வாழ்ந்துவரும் எங்கள் பழைய மாணவர் ஒருவர், பாடசாலையின் விஞ்ஞான அறைக்கென ஒரு பொதி அனுப்பியிருந்தார். உள்ளே, பழந்துணியிற் சுற்றியபடி, மாதிரி விமானங்களை இயக்கும் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று இருந்தது. அதன் கொள்ளளவு ஒன்றரைக் கன சென்ரிமீற்றர். ஒரு தேக்கரண்டி கொள்ளும் நீரில் மூன்றிலொரு பங்கைக்கூட அதன் உருளை கொள்ளாது. மின்கலம் இல்லை, மின்கம்பி இல்லை, தீப்பொறி எழுப்பும் கருவி எதுவுமில்லை. இது எவ்வாறு எரியும் என்று மாணவர் கேட்டனர். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுட் சிலவற்றை முதலிற் கூறுகின்றேன்.

மாதிரி விமானம் என்பது பறக்கும் மனிதனுக்குப் பின் வந்த விளையாட்டுப் பொருளன்று. அவனுக்கு முன் வந்தது. 1871ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரின் துய்லரீஸ் பூங்காவில், அல்போன்ஸ் பேனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் முறுக்கிய றப்பர் நாடாவினால் ஓடும் சிறு விமானமொன்றைப் பறக்கவிட்டார். அது 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீற்றர் பறந்தது. 1896 மே மாதத்தில், அமெரிக்காவின் பொற்றோமாக் ஆற்றின் மேல், சாமுவேல் லாங்லி நீராவியால் இயங்கும் ஆளில்லா விமானமொன்றை ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம் பறக்கவைத்தார். தொலைபேசிக்குப் பேர்போன கிரஹாம் பெல் அதனை நேரிற் கண்டார். றைற் சகோதரர் பறப்பதற்கு இன்னும் ஏழாண்டுகள் இருந்தன.

றப்பர் மலிவானது, எடையற்றது. ஆனால் முறுக்கு அவிழ்ந்ததும் ஆற்றலும் அவிழ்ந்துவிடும். பெற்றோல் எஞ்சினைச் சிறிதாக்கிப் பொருத்தலாமே என்றால், அங்கே எடை குறுக்கே நின்றது. 1930களின் தொடக்கத்தில், பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் பிறவுண் என்னும் இளைஞர் பத்துக் கன சென்ரிமீற்றர் அளவில் ஒரு பெற்றோல் எஞ்சினை ஆக்கினார். 1933இல் நியூயோர்க் நகருக்கு அண்மையில் நடந்த தேசியப் போட்டியில், அவருடைய நண்பர் மக்ஸ்வெல் பாசெற் அந்த எஞ்சினைப் பூட்டிய விமானத்தைக் கொண்டு றப்பர் விமானங்களையெல்லாம் வென்றார். அதன் பின் எஞ்சின் விமானங்களைத் தனிப் பிரிவாக ஒதுக்கிவிட்டனர். பிறவுணின் எஞ்சின் 21 டொலர் 50 சதத்திற்கு விற்கப்பட்டது. பொருளாதார மந்தத்தால் வேலையின்றிப் பலர் தெருவில் நின்ற காலத்தில் அது சிறு தொகையன்று.

அந்த எஞ்சினுக்கு ஒரு பெருங் குறை இருந்தது. பொறி எழுப்புவதற்கு மின்கலமும் சுருளும் ஒடுக்கியும் வேண்டும். எஞ்சினைச் சுமக்கும் விமானம் எஞ்சினின் பரிவாரத்தையும் சுமக்க வேண்டியிருந்தது. பயண நடுவே கம்பியொன்று நழுவினாற் போதும், எல்லாம் முடிந்தது.

இந்தப் பரிவாரத்தை நீக்க இரண்டு வழிகள் தோன்றின. ஒன்று, எங்களுக்கு வந்த எஞ்சினின் வழி. 1940களின் தொடக்கத்திற் சுவிற்சர்லாந்தில் உருவாகி, போருக்குப் பின் பிரித்தானியாவிற் பெரிதும் பரவியது. மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய், ஈதர் ஆகிய மூன்றையும் ஏறத்தாழச் சம அளவிற் கலந்து இதற்கு ஊற்றுவர். முசலம், அதாவது பிஸ்ரன், மேலே எழுந்து காற்றை நெருக்கும்போது வெப்பம் உண்டாகின்றது. ஈதர் 200 பாகை செல்சியசுக்கும் குறைந்த வெப்பத்திலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அது பற்ற, மண்ணெண்ணெய் எரிந்து வலுவைத் தருகின்றது. ஆமணக்கெண்ணெய் உராய்வைத் தடுக்கின்றது. வயிற்றைச் சுத்தஞ் செய்ய எங்கள் பாட்டிமார் வெள்ளிக்கிழமை தோறும் தந்த அதே ஆமணக்கெண்ணெய்தான்! உருளையின் தலையில் ஒரு திருகு உண்டு. அதனை இறுக்கினால் நெருக்கம் கூடும், தளர்த்தினாற் குறையும். தீப்பொறியின் வேலையை அந்தத் திருகு செய்கின்றது.

மற்றது அமெரிக்க வழி. 1947இல் றே ஆர்டன் என்பவர் ஒளிர்கம்பிச் செருகியை வெளியிட்டார். இதன் அடிப்படை பழையது. மதுசார ஆவியிற் பிடித்த சூடான பிளாற்றினக் கம்பி, சுவாலை இல்லாமலே தொடர்ந்து ஒளிரும் என்பதை ஹம்பிரி டேவி 1817அளவிலேயே கண்டிருந்தார். எஞ்சினைத் தொடக்கும்போது மட்டும் ஒரு மின்கலத்தாற் கம்பியைச் சூடாக்குவர். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிடலாம். மெதனோல் எரியும் வெப்பமும், பிளாற்றினம் அதனுடன் நிகழ்த்தும் தாக்கமும் கம்பியை ஒளிரவைத்துக்கொண்டே இருக்கும். இவ்வழியில் 1950களிலே கலிபோர்னியாவின் லெறோய் கொக்ஸ் 0.8 கன சென்ரிமீற்றர் எஞ்சின்களைப் பெருந்தொகையாகச் செய்து விளையாட்டுக் கடைகள் வரை கொண்டுவந்தார்.

ஆக, மின்கலமும் சுருளும் போயின, எடை குறைந்தது, சிறுவனும் எஞ்சின் விமானம் பறக்கவிடலாம் என்றாயிற்று. இதுதான் குணம். குற்றமும் இதே இடத்திலேதான் பிறந்தது. எந்தக் கணத்தில் எரிவது என்பதை முன்னர் ஒரு கருவி தீர்மானித்தது. இப்பொழுது எரிபொருளின் கலவையும், திருகின் நிலையும், அன்றைய காற்றின் சூடும் ஈரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இவற்றையெல்லாம் இணக்கவேண்டிய பொறுப்பு இயக்குபவனின் விரலிலும் செவியிலும் வந்து விழுந்துவிட்டது.

செவி என்று சொன்னேன். எரிபொருள் மிகுந்தால் எஞ்சின் இருமுவதுபோல் இடையிடையே விட்டுவிட்டு ஒலிக்கும். அளவு சரியானால் இடைவெளியற்ற ஒரே சுருதியில் இரையும். ஊசித் திருகை இன்னும் மூடினாற் சுருதி மேலும் ஏறும், கேட்பவன் மகிழ்வான். ஆனால் எரிபொருளோடு எண்ணெயும் குறைவதால் உலோகம் காய்ந்து சூடேறி, ஓட்டம் திடீரென்று தளர்ந்து நின்றுவிடும். அனுபவமுடையோர் உச்சச் சுருதிக்குச் சற்றுக் குறைவாகவே நிறுத்திவைப்பர். விமானம் மேல்நோக்கிப் பறக்கும்போது கலவை தானாகவே மெலியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஈதர்ப் புட்டியின் மூடியைச் சரியாக இறுக்காவிட்டால், மறுவாரம் அதில் ஈதர் இராது. எஞ்சின் பற்றவும் மாட்டாது. பழி மட்டும் எஞ்சினுக்கு. சில சிற்றெஞ்சின்கள் பின்புறமாகவும் சுற்றி ஓடத் தொடங்கும். ஓடி முடிந்தபின் துடைக்காமல் வைத்தால், ஆமணக்கெண்ணெய் அரக்குப்போல் இறுகிவிடும். எங்களுக்கு வந்த எஞ்சினும் அவ்வாறே இறுகிக் கிடந்தது. மிதமான சூட்டில் வைத்து, புதிய எண்ணெய் விட்டு, ஒருநாள் முழுவதும் பொறுத்திருந்தபின் முசலம் அசைந்தது.

இனி என் குற்றத்திற்கு வருகின்றேன். விஞ்ஞான ஆசிரியர் முறைப்படி ஈதர் பெற்று, திறந்த வெளியிற் கலவை செய்தார். ஈதரின் ஆவி காற்றிலும் கனமானது. நிலத்தோடு ஊர்ந்து சென்று தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும். ஆகையால் ஆசிரியர் துணையின்றி எவரும் இதைத் தொடலாகாது. எஞ்சினை மரப்பலகையிற் பூட்டினோம். விசிறியை விரலாற் சுண்டித்தான் தொடக்க வேண்டும். மாணவர் அரை மணி நேரம் சுண்டினர். ஒருமுறை பட்டென்று வெடித்து அடங்கியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை போயிற்று. காற்று வாயை விரலாற் பொத்தி, இன்னும் எரிபொருள் இழுக்கச் செய்தேன். அப்பொழுது விசிறி ஓரிடத்தில் இறுகி நின்றது.

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், வகுப்பில் வாய் திறவாதவன், "சேர், உள்ளுக்கை எண்ணெய் கூடிப்போச்சு. திருகைத் தளர்த்திக் கவிட்டுப் பிடிப்பம். இப்ப சுண்டினா உள்ளுக்கை வளைஞ்சுபோம்" என்றான்.

"நீர் சும்மா இரும்" என்றேன்.

துணியை விரலிற் சுற்றிக்கொண்டு வலிந்து தள்ளினேன். உள்ளே ஏதோ இணங்கிக்கொடுத்ததைக் கை உணர்ந்தது. காற்றை நெருக்கலாம், திரவத்தை நெருக்க முடியாது. உருளையில் தேங்கிய எரிபொருள் விட்டுக்கொடாது. ஆகவே முசலத்தைத் தாங்கும் இணைதண்டு வளைந்துவிட்டது. அதைக் கழற்றி மேசைமீது வைத்தபோது மாணவர் ஒருவரும் பேசவில்லை. தீக்குச்சியிலும் குறுகிய ஒரு தண்டு. மறுநாட் காலைக் கூட்டத்தில், அவன் கூறியது சரி, நான் செய்தது பிழை என்று சொன்னேன். சொல்லாவிட்டால், தனக்குத் தெரிந்ததை அதிபர் முன்னிலையில் அவன் இனி ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டான். அந்த இழப்பு தண்டின் விலையிற் சேராது.

புதிய தண்டுக்காகக் காத்திருந்த வாரங்களில், மேனார்ட் ஹில் என்னும் அமெரிக்கரின் கதையை மாணவருக்குக் கூறினேன். உலோகவியல் அறிஞரான அவர், தமது எழுபதுகளில், பார்வை பெரிதும் மங்கிய நிலையில், ஒரு மாதிரி விமானத்தை அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கச் செய்ய முயன்றார். உலகச் சாதனைக்கான விதிப்படி, எரிபொருளுடன் சேர்த்து விமானத்தின் எடை ஐந்து கிலோகிராமைத் தாண்டலாகாது. எஞ்சினோ பத்துக் கன சென்ரிமீற்றர். பிறவுணின் எஞ்சினின் அளவுதான். அதை வேகமாக ஓடவிடாமல், மிகக் குறைந்த எரிபொருளில் மெல்ல ஓடும்படி மாற்றியமைத்தார். முகாம் விளக்குகளுக்கு ஊற்றும் தூய பெற்றோலில் எண்ணெய் கலந்து பயன்படுத்தினார். முன்னர் அனுப்பிய விமானங்கள் அக்கரையை அடையவில்லை. ஐந்தாவதை 2003 ஓகஸ்ற் 9ஆம் நாள் நியூபவுண்ட்லாந்தின் ஸ்பியர் முனையிலிருந்து கையால் எறிந்தனர். தன்னியக்கக் கருவியும் செய்மதிகளும் வழிகாட்ட, 38 மணி 52 நிமிடம் பறந்து, 3,000 கிலோமீற்றருக்கு மேற் கடந்து, அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே இறங்கியது. 1919இல் அல்கொக்கும் பிறவுணும் முதன்முதலாக இடைநில்லாது அத்திலாந்திக்கைக் கடந்து வந்து இறங்கியதும் அந்தக் கிளிஃப்டன் பக்கமே. அந்தப் பிறவுண் வேறு, எஞ்சின் செய்த பிறவுண் வேறு. மாணவர் குழம்பினர், ஆகவே சொல்லிவைக்கின்றேன்.

இக்காலத்தில் மாதிரி விமானங்களுட் பெரும்பாலானவை லிதியம் மின்கலத்தாலும் மின்மோட்டாராலும் பறக்கின்றன. ஆளியை அழுத்தினாற் சுழலும். இரைச்சலில்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லை. எஞ்சினின் இரைச்சலால் அயலவரின் பகையைத் தேடிப் பறக்கும் மைதானங்களை இழந்த கழகங்கள் மேனாடுகளில் உண்டு; அவர்கள் மின்மோட்டாரை வரவேற்றதில் வியப்பில்லை. எனக்கு அதன்மேற் குறையொன்றும் இல்லை. மாணவர்க்கு விமானம் வேண்டுமானால் மின்மோட்டாரையே வாங்கிக் கொடுப்பேன்.

எங்கள் ஊரிற் கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர், கெட்டியான அலுமினியக் கலவைத் துண்டிலிருந்து புதிய இணைதண்டொன்றைச் செய்து தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஓடும்போது கூப்பிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவ்வாறே அழைத்தோம். இம்முறை நான் பத்தடி தள்ளியே நின்றேன். அந்த மாணவன் திருகைத் தளர்த்தி, இரண்டு துளி விட்டு, விசிறியைச் சுண்டினான். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ அது பற்றியது. முதலில் இருமியது, அவன் குனிந்து, செவி சாய்த்து, ஊசித் திருகை நூலிழையளவு திருப்பினான். பின் அது ஒரே சுருதியில் இரைந்தது. வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் யன்னலோரம் ஓடிவந்தனர். அன்று நான் எவரையும் கண்டிக்கவில்லை. தாங்கியில் விட்ட எரிபொருள் தீரும் வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம், அது ஓடிற்று.